மஞ்சள் விளக்கு எரிகிறது: கோளாறு எங்கே?

மாணவர்களே, அடுத்த முறை வீட்டில் யாராவது காரைக் கிளப்பும்போது ஓட்டுநருக்கு முன்னால் உள்ள முகப்புப் பலகையைக் கவனியுங்கள். சாவியைத் திருப்பியதும் பல விளக்குகள் ஒன்றாக எரியும். இயந்திரம் ஓடத் தொடங்கிய சில நொடிகளில் அவை அணைந்துவிடும். விளக்குகள் வேலை செய்கின்றனவா என்று கார் தன்னைத்தானே சோதித்துப் பார்க்கும் நேரம் அது.

அவற்றுள் இயந்திரத்தின் வடிவத்தில் மஞ்சளாக எரிவதுதான் 'செக் இன்ஜின்' விளக்கு. மற்றவை அணைந்த பிறகும் அது மட்டும் எரிந்துகொண்டே இருந்தால் ஏதோ சரியில்லை என்று பொருள். அப்போது பல வீடுகளில் இரண்டில் ஒன்று நடக்கிறது. "கார் நன்றாகத்தானே ஓடுகிறது" என்று மாதக்கணக்கில் விட்டுவிடுவார்கள். அல்லது பதறிப்போய்ப் பட்டறையில் கொடுத்து, ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பணத்தைக் கரைப்பார்கள். இரண்டுமே தவறு. மூன்றாவது வழி ஒன்று உண்டு. அறிவியல் பாடத்தில் நீங்கள் செய்யும் ஆய்வின் வழி அது.

அதற்கு ஓர் உண்மையை முதலில் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். காரின் கணினி சொல்வது புகார், தீர்ப்பு அல்ல. எந்தப் பாகம் கெட்டது என்று அதற்குத் தெரியாது. எந்த அளவீடு எதிர்பார்த்தபடி இல்லை என்பது மட்டுமே அதற்குத் தெரியும்.

ஒரு நகரத்தின் எரியும் கண்கள்

இந்த விளக்கு ஏன் வந்தது? அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்திலிருந்து கதை தொடங்குகிறது. 1943 ஜூலையில் அந்நகரை ஒரு புகைமூட்டம் கவ்வியது. மக்களுக்குக் கண் எரிந்தது, தொண்டை கரகரத்தது. நமக்குப் பழக்கமான புகைமூட்டம் பெரும்பாலும் காடும் கரிநிலமும் எரிவதால் வருவது. லாஸ் ஏஞ்சலிஸில் அப்படிப் பெருந்தீ எதுவும் இல்லை. பிறகு அது எங்கிருந்து வந்தது?

விடையைக் கண்டுபிடித்தவர் ஆரி ஹாகன்-ஸ்மிட். நெதர்லாந்தில் பிறந்த வேதியியலாளர். கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் அன்னாசிப் பழத்தின் மணத்துக்கு எந்தச் சேர்மங்கள் காரணம் என்று ஆராய்ந்தவர். காற்றில் மிகச் சிறிய அளவில் உள்ள பொருள்களைப் பிரித்தறியும் அதே திறமையை அவர் நகரத்துக் காற்றின் மீது திருப்பினார். எரியாத பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனை உண்டாக்குகின்றன என்பதை 1950களின் தொடக்கத்தில் அவர் காட்டினார். கார்கள் வெளியிடும் புகைக்கு அதில் பெரும்பங்கு இருந்தது.

அதன்பின் கார்ப் புகையைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் வந்தன. புகையைச் சுத்தம் செய்யும் கருவிகளும் வந்தன. ஆனால் கருவி கெட்டுப்போனால் ஓட்டுநருக்கு எப்படித் தெரியும்? புகையில் உள்ள வாயுக்கள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதில்லை. எனவே கார் தன்னைத்தானே கண்காணித்து எச்சரிக்க வேண்டும் என்று கலிபோர்னியா மாநிலம் 1988 மாடல் கார்களிலிருந்து விதித்தது. மேம்பட்ட இரண்டாம் தலைமுறை ஏற்பாடு 1996 முதல் அமெரிக்காவின் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமானது. ஐரோப்பா 2001இல் பெட்ரோல் கார்களுக்கு இதுபோன்ற விதியைக் கொண்டுவந்தது. இன்று நம் நாட்டில் விற்கப்படும் புதிய கார்களிலும் அதே வகை இணைப்பைப் பார்க்கலாம்.

ஆகவே இந்த மஞ்சள் விளக்கு காருக்காக மட்டும் பிறந்ததல்ல; நாம் மூச்சாக இழுக்கும் காற்றுக்காகப் பிறந்தது. கார் நன்றாக ஓடுவதுபோல் தோன்றும்போதும் அது எரிவதற்கு இதுவே காரணம்.

16 ஊசிகள், 5 எழுத்துகள்

ஸ்டீயரிங்கின் கீழே, ஓட்டுநரின் முழங்காலுக்கு அருகில் குனிந்து பார்த்தால், 16 ஊசித் துளைகள் கொண்ட ஒரு சிறு இணைப்பு தெரியும். சில கார்களில் அது ஒரு மூடிக்குள் இருக்கும். விரல் அளவுள்ள ஸ்கேனர் ஒன்றை அதில் செருகினால், புளூடூத் வழியாக உங்கள் திறன்பேசியில் உள்ள செயலியுடன் அது பேசும். ஸ்கேனருக்குத் தனி மின்கலம் வேண்டாம். 16ஆம் ஊசியில் காரின் பேட்டரி மின்சாரம் எப்போதும் இருக்கிறது. அதனால்தான் வேலை முடிந்ததும் ஸ்கேனரைக் கழற்றிவிட வேண்டும். கார் பல நாள் ஓடாமல் நின்றால் அது பேட்டரியைச் சிறிது சிறிதாக வற்றச் செய்துவிடும்.

செயலியில் தெரிவது ஐந்து எழுத்துள்ள ஒரு குறியீடு. எடுத்துக்காட்டாக, பி0302. முதல் எழுத்தான 'பி' இயந்திரத்தையும் கியரையும் குறிக்கும். அடுத்துள்ள 0, இது எல்லா நிறுவனக் கார்களுக்கும் பொதுவான குறியீடு என்று சொல்கிறது. அங்கே 1 இருந்தால் அந்த நிறுவனத்துக்கே உரிய குறியீடு. மூன்றாவது இடத்தில் உள்ள 3 தீப்பற்றலைக் குறிக்கும். கடைசி 02, இரண்டாவது சிலிண்டர். இரண்டாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாகத் தீப்பற்றவில்லை என்பதே மொத்தப் பொருள்.

குறியீட்டோடு இன்னொன்றும் சேமிக்கப்பட்டிருக்கும். கோளாறு பதிவான கணத்தில் கார் என்ன வேகத்தில் சென்றது, இயந்திரம் எவ்வளவு சூடாக இருந்தது, நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றியது ஆகிய விவரங்கள் அவை. ஒரு புகைப்படம்போல அந்தக் கணத்தை அவை நிறுத்திக் காட்டும். எதையும் அழிப்பதற்கு முன் இவை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிவையுங்கள்.

கணினிக்கு எப்படித் தெரிகிறது?

இரண்டாவது சிலிண்டருக்குள் கேமரா எதுவும் இல்லை. அப்படியிருக்க, அங்கே தீப்பற்றவில்லை என்பது கணினிக்கு எப்படித் தெரிந்தது?

நான்கு சிலிண்டர் இயந்திரம் ஒன்று நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு சிலிண்டர்கள் தீப்பற்றும். ஆக, நொடிக்கு 100 சிறு வெடிப்புகள். ஒவ்வொன்றும் இயந்திரத்தின் சுழல்தண்டை ஒரு தள்ளு தள்ளுகிறது. தண்டோடு சேர்ந்து சுற்றும் பற்சக்கரத்தை ஓர் உணரி, அதாவது சென்சார், இடைவிடாது பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒரு தள்ளு தவறினால் தண்டின் வேகம் அந்தக் கணத்தில் சற்றே குறையும். அப்போது எந்தச் சிலிண்டரின் முறை என்று கணினி கணக்குப் பார்க்கிறது. அவ்வளவுதான்.

ஊஞ்சலை நான்கு பேர் முறை வைத்துத் தள்ளும்போது, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கும் யார் தள்ளவில்லை என்று தெரியும். ஏன் தள்ளவில்லை என்று தெரியாது. கணினியின் நிலையும் அதுவே. ஸ்பார்க் பிளக் தேய்ந்திருக்கலாம்; பிளக் காயில் பழுதாகியிருக்கலாம்; பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் அடைத்திருக்கலாம்; சிலிண்டரில் அழுத்தம் குறைந்திருக்கலாம். பி0302 என்ற குறியீடு இந்த நான்கில் எதையும் சுட்டிக்காட்டுவதில்லை.

ஒரு மாறியை மட்டும் மாற்று

இப்போது உங்கள் அறிவியல் பாடம் உதவிக்கு வருகிறது. நான்கு சிலிண்டருக்கும் தனித்தனிப் பிளக் காயில் உள்ள கார்களில், இரண்டாவது சிலிண்டரின் காயிலையும் மூன்றாவதின் காயிலையும் இடம் மாற்றிப் பொருத்துவார்கள். வேறு எதையும் தொடமாட்டார்கள். குறியீட்டை அழித்துவிட்டுக் காரைச் சிறிது தூரம் ஓட்டிப் பார்ப்பார்கள்.

மீண்டும் வந்த குறியீடு பி0303 என்றால் கோளாறு காயிலோடு சேர்ந்து நகர்ந்திருக்கிறது. காயில்தான் காரணம் என்று நம்பலாம். பி0302 அப்படியே திரும்பி வந்தால் காயில் மீது பழி இல்லை. அடுத்து ஸ்பார்க் பிளக்கை இடம் மாற்றிச் சோதிக்க வேண்டும்.

காயிலின் இடம் தற்சார்பு மாறி. வரும் குறியீடு சார்பு மாறி. மற்ற எல்லாம் கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள். காயில், பிளக், இன்ஜெக்டர் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் கார் சரியாகலாம். ஆனால் எது கெட்டிருந்தது என்று யாருக்கும் தெரியாது. நல்ல நிலையில் இருந்த இரண்டு பாகங்களுக்கும் பணம் போய்விட்டிருக்கும்.

செய்தி சொன்னவனைத் தண்டிக்காதே

அடிக்கடி காணப்படும் மற்றொரு குறியீடு பி0171. கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்பது அதன் பொருள்.

பெட்ரோல் முழுதாக எரிய எவ்வளவு காற்று வேண்டும்? பெட்ரோலில் உள்ள ஆக்டேனை வைத்துக் கணக்கிடலாம். 114 கிராம் ஆக்டேன் எரிய 400 கிராம் ஆக்சிஜன் தேவை. காற்றின் எடையில் ஏறத்தாழ 23 விழுக்காடு ஆக்சிஜன். வகுத்துப் பாருங்கள், ஒரு கிராம் ஆக்டேனுக்கு ஏறத்தாழ 15 கிராம் காற்று என்று வரும். பல சேர்மங்கள் கலந்த பெட்ரோலுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் அளவு 14.7.

இந்த விகிதத்தைக் காவல் காப்பது புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் உணரி. இதை போஷ் நிறுவனம் உருவாக்கியது. 1976இல் வால்வோ கார்களில் முதன்முதலாகப் பயன்பட்டது. அதன் உள்ளே சிர்க்கோனியா என்ற பீங்கான் இருக்கிறது. 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானால் அதன் வழியே ஆக்சைடு அயனிகள் நகரும். ஒரு பக்கம் வெளிக்காற்று, மறுபக்கம் புகை. இரண்டிலும் உள்ள ஆக்சிஜன் அளவு வேறுபடுவதால் மின்னழுத்தம் பிறக்கிறது. வேதியியல் பாடத்தில் படிக்கும் மின்கலத்தின் உறவினர் என்றே இதைச் சொல்லலாம். பெட்ரோல் அதிகமானால் ஏறத்தாழ 0.9 வோல்ட், காற்று அதிகமானால் ஏறத்தாழ 0.1 வோல்ட் காட்டும்.

பி0171 வந்ததும் பலர் செய்வது இந்த உணரியை மாற்றுவது. ஆனால் 'காற்று அதிகம்' என்று உணரி சரியாகத்தான் சொல்லியிருக்கலாம். வீட்டில் புகை வருகிறது என்று மணி அடித்தால் மணியையா கழற்றுவோம்?

ஸ்கேனரில் 'எரிபொருள் திருத்தம்' என்ற எண்ணைப் பாருங்கள். அது +20 என்றால், விகிதத்தைச் சமன்செய்யக் கணினி தன் திட்டத்தைவிட 20 விழுக்காடு அதிகப் பெட்ரோலைத் தெளித்துக்கொண்டிருக்கிறது. கார் நின்ற இடத்தில் மெதுவாக ஓடும்போது ஒரு முறையும், இயந்திரத்தை நிமிடத்துக்கு 2500 சுற்றில் வைத்து மறுமுறையும் இந்த எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

மெதுவாக ஓடும்போது அதிகமாக இருந்து, 2500 சுற்றில் குறைந்தால், ரப்பர்க் குழாய் எங்கோ வெடித்துக் காற்று உள்ளே நுழைவதாகச் சந்தேகிக்கலாம். ஏன்? வெடிப்பின் வழியே வரும் காற்று சிறிதளவே. மெதுவாக ஓடும் இயந்திரம் இழுக்கும் காற்றும் குறைவு என்பதால் அங்கே இந்தக் கசிவு பெரும்பங்கு ஆகிவிடும். வேகமாகச் சுற்றும்போது மொத்தக் காற்றில் அதன் பங்கு சுருங்கிவிடும். மாறாக, வேகம் கூடக் கூட எண்ணும் ஏறினால், போதுமான பெட்ரோல் வந்து சேரவில்லையோ என்று பெட்ரோல் பம்பையும் வடிகட்டியையும் பார்க்க வேண்டும். உள்ளே வரும் காற்றை நேரடியாக அளக்கும் உணரி உள்ள கார்களில் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும். காற்றழுத்தத்தை மட்டும் அளக்கும் கார்களில் அவ்வளவு தெளிவாகத் தெரியாமல் போகலாம்.

விலை உயர்ந்த சந்தேகம்

பட்டறையில் கேட்டால் மனம் துணுக்குறும் குறியீடு பி0420. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், அதாவது வினையூக்கி மாற்றி, சரியாக வேலை செய்யவில்லை என்பது புகார். தேன்கூடு போன்ற அதன் உட்பகுதியில் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் போன்ற அரிய உலோகங்கள் பூசப்பட்டிருக்கும். விலை அதிகமாக இருப்பதற்கு அவையும் காரணம்.

மாற்றிக்கு முன்னால் ஓர் ஆக்சிஜன் உணரி, பின்னால் ஓர் உணரி. முன்னால் உள்ளதன் மின்னழுத்தம் மேலும் கீழும் துள்ளும். மாற்றி ஆக்சிஜனைப் பிடித்து வைத்தும் விடுவித்தும் அந்த ஏற்ற இறக்கத்தைத் தணிப்பதால், பின்னால் உள்ளது ஏறக்குறைய அமைதியாக இருக்க வேண்டும். அதுவும் முன்னதைப்போலவே துள்ளினால் கணினி புகார் எழுதுகிறது.

ஆனால் புகைக்குழாயில் ஓட்டை விழுந்து வெளிக்காற்று நுழைந்தாலும் உணரியின் கணக்கு பிசகும். மாற்றி உண்மையிலேயே கெட்டிருந்தாலும், அதைக் கெடுத்தது எது என்று கேட்காமல் புதியதைப் பொருத்தினால் அதுவும் கெடும். சரி செய்யாமல் விட்ட பழைய தீப்பற்றல் கோளாறு அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

விளக்கு சிமிட்டினால்

இங்கேதான் ஒரு முக்கியமான எச்சரிக்கை. விளக்கு நிலையாக எரிந்தால் விரைவில் சோதிக்க வேண்டும் என்று பொருள். அது விட்டுவிட்டுச் சிமிட்டினால், கடுமையான தீப்பற்றல் கோளாறு நடந்துகொண்டிருக்கிறது. சிலிண்டரில் எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குப் போய் மாற்றிக்குள் எரிகிறது. அந்தச் சூட்டில் அதன் தேன்கூடு உருகிப்போகலாம். வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் காரை நிறுத்துவதே நல்லது. ஒரு காயில் செலவோடு முடிய வேண்டியது, மாற்றியின் செலவாக வளர்வது இப்படித்தான்.

எண்ணெய் அழுத்தத்துக்கும் இயந்திரச் சூட்டுக்கும் உரிய சிவப்பு விளக்குகள் வேறு. அவை எரிந்தால் ஸ்கேனரைத் தேட வேண்டாம். உடனே காரை நிறுத்தி இயந்திரத்தை அணைக்கச் சொல்லுங்கள்.

அழித்துவிட்டால் சரியாகிவிடுமா?

ஸ்கேனரில் ஒரு பொத்தானைத் தொட்டால் குறியீடு அழியும், விளக்கும் அணையும். கோளாறு மட்டும் அங்கேயே இருக்கும். பல கோளாறுகளை அடுத்தடுத்த இரண்டு பயணங்களில் கண்ட பிறகே கணினி விளக்கை ஏற்றும். அதனால் அழித்த மறுநாள் விளக்கு எரியாதது எதையும் நிரூபிக்காது. உண்மையிலேயே சரிசெய்தால், கோளாறில்லாத மூன்று பயணங்களுக்குப் பிறகு விளக்கு தானே அணைந்துவிடும்.

17 வயதில் கார் உரிமம் எடுத்துப் பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள். குறியீட்டை அழிக்கும்போது, கணினி முடித்து வைத்திருந்த சுயசோதனைகளின் பதிவும் சேர்ந்து அழிகிறது. விளக்கு எரியாத காரில் பெரும்பாலான சோதனைகள் 'முடியவில்லை' என்று ஸ்கேனர் காட்டினால், அண்மையில் யாரோ எதையோ அழித்திருக்கலாம். அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கலாம். விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி அது.

இணையக் காணொளிகளையும் கவனத்தோடு பாருங்கள். 'பெட்ரோல் மூடியை இறுக்கினால் விளக்கு அணையும்' என்ற அறிவுரை அமெரிக்கக் காணொளிகளில் அடிக்கடி வரும். பெட்ரோல் தொட்டியின் ஆவிக்கசிவைச் சோதிக்கும் வசதி அங்குள்ள கார்களில் உண்டு. எல்லா நாட்டுக் கார்களிலும் இல்லை.

நீங்கள் செய்யக்கூடியவை

வீட்டுப் பெரியவரின் அனுமதியோடும் அவர் அருகில் இருக்கும்போதும் குறியீட்டை நீங்கள் படிக்கலாம். கார் நின்ற நிலையில்தான் படிக்க வேண்டும். மூடிய கொட்டகைக்குள் இயந்திரத்தை ஓடவிடாதீர்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை, ஆனால் உயிரைக் குடிக்கும். இயந்திரம் ஓடும்போது பிளக் காயிலைத் தொடாதீர்கள்; அதில் ஆயிரக்கணக்கான வோல்ட் பிறக்கிறது. சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். ஹைபிரிட் கார்களில் ஆரஞ்சு நிறக் கம்பிகளின் பக்கம் கையே போகக்கூடாது. காயில் மாற்றுவது போன்ற வேலைகளைத் தெரிந்த பெரியவர் செய்யட்டும், இயந்திரம் அணைந்து ஆறிய பிறகு.

அதன்பின் காரைப் பட்டறைக்குக் கொண்டு போவதாக இருந்தால் ஒரு தாளில் நான்கு விவரங்களை எழுதிக் கொடுங்கள்: குறியீடு என்ன, அது பதிவானபோது இயந்திரத்தின் சூடும் வேகமும் என்ன, விளக்கு எப்போது முதலில் எரிந்தது, அதற்குச் சற்று முன் காரில் என்ன வேலை நடந்தது. நல்ல மெக்கானிக் அந்தத் தாளைப் பார்த்து மகிழ்வார்; சோதனையை எங்கிருந்து தொடங்குவது என்று அவருக்கு உடனே தெரியும். ஒரு பாகத்தை மாற்ற வேண்டும் என்று அவர் சொன்னால், "எந்தச் சோதனையில் தெரிந்தது, அண்ணா?" என்று பணிவோடு கேட்டுப் பாருங்கள். சோதித்துப் பார்த்தவரிடம் அதற்குப் பதில் இருக்கும்.